தேய்ந்த நாசிலும் ஈரமான பிரஷர் பாட்டும்: ஒரு பிளாஸ்டிங் பட்டறையில் நடந்தது

பின்னணி

கோவைக்கு வெளியே ஒரு சின்ன ஜாப் ஒர்க் பட்டறை. ஜவுளி மெஷின் ஃப்ரேம், பிராக்கெட், பம்ப் பேஸ் பிளேட் என்று வருகிற இரும்பு ஜாப்களை பிளாஸ்டிங் செய்து (காற்றழுத்தத்தில் கரகர மணியை அடித்துத் துருவை எடுத்து), பவுடர் கோட்டிங் போட்டு அனுப்புவார்கள். அடிக்கிற மணியை அழுத்தத்தில் வைத்து ஹோஸுக்கு இறக்குகிற 200 லிட்டர் பிரஷர் பாட் ஒன்று, 15 எச்.பி. இரண்டு ஸ்டேஜ் பிஸ்டன் கம்ப்ரஸர் ஒன்று, ஒரு இஞ்ச் பிளாஸ்ட் ஹோஸ், 4.8 மி.மீ. துளை உள்ள டங்ஸ்டன் கார்பைடு நாசில். அடிப்பது காப்பர் ஸ்லாக், தாமிரம் உருக்கும்போது மிஞ்சுகிற கசடு மணி. ஓனர், பிளாஸ்டிங் செய்கிறவர், ஒடிசாவிலிருந்து வந்த ஹெல்பர் ஒருவர், கோட்டிங் பக்கம் சிலர். நான் கம்ப்ரஸரும் பிளாஸ்டிங் சாமான்களும் சர்வீஸ் பார்க்கிறவன்.

ஐப்பசி மழை பிடித்த பிறகு தொல்லை ஆரம்பித்தது. பாட் அடிக்கடி அடைத்துக்கொள்ளும், அடைப்பு எடுத்தால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு விட்டு விட்டு துப்பும். அதே வாரங்களில் கோட்டிங் போட்டுப் போன ஒரு லாட் முழுவதும் கொப்புளம் வந்து வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்தது. ஓனர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார், 20 எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரஸருக்கு கொட்டேஷனும் வாங்கி வைத்திருந்தார். "கம்ப்ரஸர் போயிருச்சுங்க, இதுல எது வாங்கலாம்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்றுதான் என்னைக் கூப்பிட்டார்.

கீழே நான் 'கிலோ' என்று எழுதுவதெல்லாம் பட்டறைப் பேச்சில் சொல்கிற பிரஷர் கிலோ, அதாவது ஒரு சதுர செ.மீ.க்கு இத்தனை கிலோ. 7 கிலோ என்றால் ஏறக்குறைய 100 பி.எஸ்.ஐ.

முதலில் கண்டது

கம்ப்ரஸர் காற்றைச் சேர்த்து வைக்கிற ரிசீவர் டேங்க் கேஜ் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டால் எல்லாரும் 8 கிலோ என்றார்கள். பொய்யில்லை, ஆனால் அது யாரும் அடிக்காமல் நிற்கும்போது உள்ள அளவு. அடிக்கச் சொல்லிவிட்டு கேஜையே பார்த்துக்கொண்டு நின்றேன்; முள் மெதுவாக இறங்கி 5 கிலோவில் உட்கார்ந்துவிட்டது, அடிப்பதை நிறுத்தும் வரை ஏறவில்லை. கம்ப்ரஸர் ஒரு தடவைகூட அன்லோட் ஆகவில்லை, அதாவது டேங்க் நிறைந்து ஓய்வெடுக்கவில்லை. டெலிவரி பைப்பில் கை வைக்க முடியாத சூடு. கூலர் ஃபின்களுக்கு நடுவே ஸ்லாக் தூசி சாந்து மாதிரி அப்பியிருந்தது, இன்டேக் ஃபில்டரும் கறுத்துப் போயிருந்தது, ஏனென்றால் பிளாஸ்டிங் அறைக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவில் இருந்தது ஒரு தகரத் தடுப்பு மட்டும்.

எனக்கு உறுத்தியது வேறு ஒன்று. ரிசீவர் டேங்க் அடியில் உள்ள ட்ரெயின் காக்கைத் திறந்தால் கொஞ்சம் தண்ணீர்தான் வந்தது. வெளியே மழை, காற்றில் அவ்வளவு ஈரம், டேங்கில் தண்ணீர் இல்லை; ஆனால் பாட்டைத் திறந்தால் உள்ளே ஸ்லாக் கட்டி கட்டியாக, கையில் பிடித்தால் பிசுபிசுக்கிறது. ட்ரெயினில் தண்ணீர் வராததால் "ஏர் நல்லாத்தான் காய்ஞ்சு வருது" என்று நினைத்துக்கொண்டு ஸ்லாக் சப்ளை செய்கிறவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டின் கீழே, நாசிலுக்குக் காற்று போகிற லைனில் உள்ள சோக் வால்வ் பாதி மூடியிருந்தது. சாதாரணமாக அது முழுவதும் திறந்திருக்க வேண்டும். அடைப்பு வந்தால் மட்டும் ஒரு கணம் மூடித் திறப்பார்கள், அப்போது பாட்டுக்குள் இருக்கிற பிரஷர் முழுவதும், ஸ்லாக் இறங்கும் அளவை வைக்கிற மீட்டரிங் வால்வ் வழியாகப் பாய்ந்து கட்டியைத் தள்ளிவிடும். இங்கே ஈர ஸ்லாக் இறங்க மறுத்ததால் நாள் முழுவதும் பாதி மூடியே ஓட்டியிருக்கிறார்கள். ஸ்லாக் இறங்கியது என்னவோ உண்மைதான், ஆனால் நாசிலுக்குப் போக வேண்டிய பிரஷரை அது தின்றுவிட்டது.

அழுத்திப் பிடித்தால் மட்டும் அடிக்கிற டெட்மேன் லீவரை ஒயர் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். விரல் வலிக்கிறது என்றார் அடிக்கிறவர். வலிக்கும்தான். ஆனால் கை நழுவி ஹோஸ் கீழே விழுந்தால் அது தானாக நிற்க இருக்கிற ஒரே ஏற்பாடு அந்த லீவர், அதனால் வேறு எதையும் தொடுவதற்கு முன்னால் ஒயரை வெட்டி எடுத்தேன்.

நாசிலில் உண்மையான பிரஷர்

டேங்க் கேஜ், பாட் கேஜ் இரண்டுமே இந்த விஷயத்தில் முழு உண்மையைச் சொல்லாது. வேலை நடப்பது நாசிலில், அதனால் அளக்க வேண்டியதும் அங்கேதான். அதற்கென்று ஊசி கேஜ் இருக்கிறது, டாக்டர் ஊசி போட்ட சின்ன கேஜ். நாசில் ஹோல்டருக்குச் சற்றுப் பின்னால் ரப்பர் ஹோஸில், ஊசி முனை நாசிலைப் பார்த்துச் சாய்ந்திருக்கும்படி குத்தி, ஸ்லாக்கும் ஓடிக்கொண்டிருக்கும்போது படிக்க வேண்டும். எடுத்த பிறகு ரப்பர் தானாக மூடிக்கொள்ளும். படித்தால் 4 கிலோ. இருக்க வேண்டியது 6.5 முதல் 7.

பிளாஸ்டிங் தொழிலில் சொல்லும் கணக்கு, நாசிலில் ஒரு பி.எஸ்.ஐ. குறைந்தால் வேலை சுமார் ஒன்றரை சதவீதம் குறையும் என்பது. இவர்கள் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் இழந்திருந்தார்கள். ஒரு ஃப்ரேமுக்கு ஏன் இரண்டு மடங்கு நேரமும் இரண்டு மடங்கு ஸ்லாக்கும் ஆகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அடுத்து நாசிலைக் கழற்றினேன். வெளியே ரப்பர் கவர் புதுசு மாதிரி இருந்தது, அதனால்தான் யாரும் சந்தேகப்படவில்லை. நாசில் தேய்வது உள்ளே. துளையை அளக்கப் பெரிய கருவி வேண்டாம், ட்ரில் பிட்டின் பின்பக்கம் போதும். 4.8 மி.மீ. பிட் லொடலொடவென்று ஆடியது. 5.5 போனது. 6.5-ம் உள்ளே போய்விட்டது. அடிக்கிறவர் சொன்னது: "இப்பத்தான்ங்கண்ணா நல்லா அகலமா பரவுது." அகலம் வந்ததே தேய்மானத்தால், அகலம் கூடியதால் ஒவ்வொரு இடத்திலும் விழுகிற அடி இன்னும் குறைந்தது.

கணக்கு என்ன சொல்கிறது

4.8 மி.மீ. நாசில் 7 கிலோவில் சுமார் 45 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) காற்று கேட்கும். தேவை துளையின் விட்டத்தோடு நேராக ஏறாது, அதன் வர்க்கத்தோடு ஏறும். 6.5 மி.மீ. ஆனபோது 80-க்கு மேல் போய்விடுகிறது. கம்ப்ரஸர் பிளேட்டில் 70 சி.எஃப்.எம். என்று போட்டிருந்தது, ஓனர் அதைக் காட்டி "எழுபது வருதுங்களே" என்றார். அது பிஸ்டன் இடப்பெயர்ச்சி, பிஸ்டன் சிலிண்டருக்குள் தள்ளுகிற கொள்ளளவுக் கணக்கு. டேங்குக்கு உண்மையில் வந்து சேர்கிற காற்று இந்த மாதிரி மெஷினில் அதில் முக்கால் பங்குதான், ஐம்பது சொச்சம். வாங்கும்போது எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் பணம் கட்டியவர்கள் நிறைய.

ஆக 50 கொடுக்கிற மெஷினிடம் 80 கேட்டால், 50-ல் எந்த பிரஷர் நிற்குமோ அங்கே இறங்கி நிற்கும். அது 4 கிலோ. கம்ப்ரஸர் தன்னால் முடிந்ததைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது

தண்ணீர் தனிப் பிரச்சினை, காற்றின் ஈரத்தை எடுக்கிற ட்ரையர் வாங்கினால் தீரும் என்று பலர் முடிவு கட்டியிருப்பார்கள். எனக்கும் ட்ரையர் மேல் விரோதம் இல்லை. ஆனால் டேங்கில் தண்ணீர் இல்லாமல் பாட்டுக்குள் தண்ணீர் இருப்பதற்கு அது பதில் இல்லை.

மழைக்காலக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 20 கிராமுக்கு மேல் ஈரம் இருக்கும். இந்த கம்ப்ரஸர் மணிக்கு சுமார் 88 கன மீட்டர் உறிஞ்சுகிறது, அதாவது ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 2 லிட்டர் தண்ணீர் ஆவியாக உள்ளே போகிறது. 7 கிலோவுக்கு அழுத்தி 40 டிகிரிக்கு ஆறவிட்டால் அதில் ஒன்றரை லிட்டர் டேங்கிலேயே தண்ணீராகிவிடும், ட்ரெயினில் வெளியே விடலாம். அதே காற்றை 5 கிலோவில், 60 டிகிரி சூட்டில் விட்டால் கிட்டத்தட்ட முழு ஈரமும் ஆவியாகவே டேங்கைத் தாண்டிப் போகும். மாய்ஸ்சர் செபரேட்டரையும் தாண்டும், ஏனென்றால் செபரேட்டர் பிடிப்பது துளியை. ஆவியைப் பிடிக்க அதற்கு வழியில்லை. அப்புறம் பைப்புக்குள்ளும் குளிர்ந்த பாட்டுக்குள்ளும் போய் ஆறி அங்கே தண்ணீராகும்.

இங்கே நடந்தது அதுதான். நாசில் தேய்ந்ததால் கம்ப்ரஸருக்கு ஓய்வு போய்விட்டது, ஓய்வு போனதால் சூடு ஏறியது, தூசி அடைத்த கூலர் அதைக் கூட்டியது, பிரஷர் குறைந்ததால் டேங்கில் தண்ணீர் பிரியவில்லை. பாட் அடைப்பும் மெதுவான வேலையும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. சூட்டில் பிஸ்டன் ரிங் வழியாக எண்ணெயும் கூட வந்திருக்கிறது: ஸ்லாக்கை மூடிவிட்டு வெறும் காற்றை ஒரு நிமிடம் வெள்ளைத் தாளில் அடித்துப் பார்த்தபோது ஈரத்தோடு மஞ்சள் புள்ளிகளும் விழுந்தன. கோட்டிங் கொப்புளத்துக்கு அந்தப் புள்ளிகள்தான் பதில். கண்ணுக்கு இரும்பு சாம்பல் வெள்ளையாக, சா 2½ என்கிற பிளாஸ்டிங் சுத்தத் தரத்துக்குச் சரியாகத்தான் தெரியும், மேலே படிந்த மெல்லிய எண்ணெய் அந்தப் பார்வையில் தெரியாது.

மணல்

இதை எழுத வேண்டியதில்லை என்று நினைக்கிறவர்கள் இருப்பார்கள், எழுதியே ஆக வேண்டும். ஸ்லாக் குவியல் கறுப்பாக இருக்க வேண்டும். நடுநடுவே வெளிறிய மணிகள் தெரிந்தன. கேட்டபோது ஹெல்பர் ஓனரைப் பார்த்தார், ஓனர் கூரையைப் பார்த்தார். ஸ்லாக் கட்டிப் பிடிக்கிறது என்று காய்ந்த ஆற்று மணலைச் சலித்துக் கலந்து அடித்திருக்கிறார்கள். அடிக்கிறவர் தலையில், உள்ளே மூச்சுக்காற்று விடுகிற ஹூட் இருந்தது, ஹெல்பர் முகத்தில் துண்டு.

ஆற்று மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. 7 கிலோவில் இரும்பில் மோதினால் மணி உடைந்து, கண்ணுக்குத் தெரியாத தூசியாகி, நுரையீரலின் அடிவரை போகும். அதனால் வருகிற சிலிக்கோசிஸுக்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது, வேலையை விட்ட பிறகும் நோய் வளரலாம். வார்ப்புகளை மணலால் பிளாஸ்டிங் செய்வதை பிரிட்டன் 1949-லேயே தடுத்துவிட்டது. நம்முடைய 1948 தொழிற்சாலைகள் சட்டமும் தன் மூன்றாம் அட்டவணையில் சிலிக்கோசிஸை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில் நோயாக வைத்தது. துண்டும் கடையில் கிடைக்கிற முகக்கவசமும் பிளாஸ்டிங் தூசிக்குப் பத்தாது.

மணல் வெளியே போகாமல் மேற்கொண்டு கை வைக்க மாட்டேன் என்று ஓனரிடம் நேராகச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. கலந்த குவியல் முழுவதையும் தண்ணீர் தெளித்து, மூட்டையில் கட்டி அப்புறப்படுத்தினோம். ஹெல்பர், அடிக்கிறவர் இருவருக்கும் மார்பு எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்தார். இருவர் படத்திலும் அப்போதைக்கு ஒன்றும் இல்லை. இந்த நோய் தெரிய வருடங்கள் ஆகும் என்பதால் அந்த ரிப்போர்ட்டை வைத்து யாரும் நிம்மதி அடைய வேண்டாம் என்பதையும் சொல்லிவிட்டு வந்தேன்.

எடுத்த முடிவுகள்

புது கம்ப்ரஸர் வேண்டாம் என்பது முதல் முடிவு. நாசில் சில ஆயிரம், கம்ப்ரஸர் சில லட்சம். அதோடு, தேய்ந்த நாசிலோடு 20 எச்.பி. வாங்கியிருந்தால் சில மாதம் நன்றாக ஓடி, நாசில் இன்னும் தேய்ந்ததும் அதுவும் மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கும். வேலை வேகமாக வேண்டும் என்று 6.4 நாசில் போடலாமா என்று ஓனர் கேட்டார். இந்த மெஷினுக்கு முடியாது என்பதை மேலே உள்ள கணக்கைக் காட்டித்தான் புரியவைக்க வேண்டியிருந்தது.

புது 4.8 நாசில் போட்டு, சோக்கை முழுவதும் திறந்தோம். கம்ப்ரஸரிலிருந்து பாட்டுக்கு வருகிற லைனில் யாரோ அரை இஞ்ச் கப்ளிங் ஒன்று மாட்டியிருந்தார்கள், அதைத் தூக்கிவிட்டு ஒரு இஞ்ச் போட்டோம். கூலர் ஃபின்களைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, இன்டேக்கைப் பைப் போட்டுக் கட்டடத்துக்கு வெளியே, தூசி வராத சுவர்ப் பக்கம் கொண்டுபோனோம். டெலிவரி பைப்பைக் கொஞ்சம் நீட்டி, சரிவாக இறக்கி, கடைசியில் ஒரு ட்ரெயின் வைத்தோம். எண்ணெய் பட்ட ஸ்லாக்கை வெளியே கொட்டிவிட்டு, பாட்டையும் ஹோஸையும் காற்றடித்துக் காயவைத்தோம். டெட்மேனின் ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகியிருந்தது, விரல் வலிக்கு அதுதான் காரணம். மாற்றியதும் லீவர் லேசாகிவிட்டது.

ஹூட் காற்றும் அதே கம்ப்ரஸரிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது, வடிகட்டி எதுவும் இல்லாமல். எண்ணெய் போட்டு ஓடுகிற கம்ப்ரஸர் அளவுக்கு மேல் சூடானால் எண்ணெய் கருகி கார்பன் மோனாக்சைடு வரலாம், அதற்கு வாசனையும் கிடையாது. ஹூட்டுக்கென்று எண்ணெய் இல்லாத தனி ஏர் பம்ப் வாங்கி, சுத்தமான காற்று உள்ள இடத்தில் வைக்கச் சொன்னேன். இதில் இன்னொரு லாபமும் உண்டு, ஹூட் தின்றுகொண்டிருந்த ஐந்தாறு சி.எஃப்.எம். நாசிலுக்குத் திரும்பியது.

பிறகு நடந்தது

பிரஷர் வந்துவிட்டது: நாசிலில் ஊசி கேஜ் 6.5-க்குச் சற்று மேல். கம்ப்ரஸர் நடுவில் அன்லோட் ஆகி மூச்சு விட்டது. டேங்க் ட்ரெயினைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது, அதைப் பார்த்து ஓனர் பயந்துபோனார். இத்தனை நாள் பாட்டுக்குள் போனதுதான் இது என்று விளக்க வேண்டியிருந்தது.

ஆனால் துப்பல் முழுவதும் நிற்கவில்லை. இப்போது ஸ்லாக் காய்ந்துதான் இருக்கிறது, பிரஷரும் இருக்கிறது, இருந்தும் சில நொடி நன்றாக வந்து, சில நொடி வெறும் காற்று. இப்படி வந்தால் பாட்டின் தலையைப் பார்க்க வேண்டும். பிரஷர் பாட்டில் ஸ்லாக் இறங்குவது மேலேயும் கீழேயும் ஒரே பிரஷர் இருப்பதால். மேலே கசிந்தால் பாட்டுக்குள் பிரஷர் குறைந்து, கீழே லைனில் போகிற காற்று மீட்டரிங் வால்வ் வழியாக மேலே ஏறும், இறங்குகிற ஸ்லாக்கைத் தடுக்கும். சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்ததில் ஹேண்ட் ஹோல் (கை விட்டுப் பார்க்கிற துளை) மூடியின் கேஸ்கெட்டில் குமிழி, ஸ்லாக் கொட்டுகிற வாயை உள்ளிருந்து மூடுகிற பாப்-அப் வால்வ் உட்காருகிற ரப்பர் ரிங்கிலும் ஒரு வெட்டு. சோக் பாதி மூடி ஓட்டியதால் இந்தக் கசிவு இதுவரை தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டும் மாற்றியதும் ஓட்டம் சீரானது. மீட்டரிங் வால்வை முன்பு திறந்ததில் பாதிதான் இப்போது திறக்கிறார்கள், ஸ்லாக் செலவு கண்ணுக்குத் தெரிய இறங்கியது.

திரும்பி வந்த லாட்டைக் கோட்டிங் உரித்து, மறுபடி அடித்து, ஓனர் தன் செலவில் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு போன லாட்களில் கொப்புளம் இல்லை. அடைமழை நாட்களில் அடித்த இரும்பை இரவு வைக்காமல் அதே ஷிப்ட்டில் கோட்டிங்குக்கு அனுப்புகிறார்கள். இரும்பின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் சூட்டைவிட) 3 டிகிரியாவது மேலே இல்லையென்றால் அன்றைக்கு பிளாஸ்டிங் இல்லை.

இப்போது என்ன வேறு மாதிரி

5.5 மி.மீ. ட்ரில் பிட் ஒன்றைச் சங்கிலியில் கட்டிப் பாட் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறோம். வாரம் ஒரு தடவை நாசிலைக் கழற்றி, பிட்டின் பின்பக்கம் உள்ளே போனால் நாசில் குப்பைக்கு. பொதுவாகச் சொல்கிற விதி 1.6 மி.மீ. தேய்ந்தால் மாற்று என்பது, அதன்படி 6.4 வரை ஓட்டலாம். கையில் காற்று மிச்சம் வைத்திருக்கிறவர்களுக்கு அது சரி. ஐம்பது சி.எஃப்.எம். வைத்துக்கொண்டு 45 செலவழிக்கிறவர்களுக்கு 5.5-லேயே பிரஷர் 6 கிலோவுக்கு இறங்கியிருக்கும், அதற்கு மேல் ஓட்டினால் முன்பு சொன்ன சுற்று மறுபடி ஆரம்பிக்கும்.

காலையில் முதல் வேலை வெள்ளைத் தாள் சோதனை, நாசிலிலிருந்து 60 செ.மீ.க்குள் பிடித்து ஒரு நிமிடம். ட்ரெயின் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஹோஸ் கப்ளிங் வாஷர், பின், சேஃப்டி கேபிள் எல்லாம் ஹோஸ் மாட்டும்போதே பார்த்துவிட வேண்டும். இதையெல்லாம் எழுத்தில் ஒட்டினால் ஹெல்பருக்குப் படிக்க வராது என்பதால் படமாக வரைந்து ஒட்டியிருக்கிறார்கள், வரைந்தது கோட்டிங் பக்கம் வேலை செய்கிற ஒரு தம்பி. பாப்-அப் வால்வ் கொஞ்சம் காளான் மாதிரி இருந்தாலும் புரிகிறது.

ட்ரையர் இன்னும் வாங்கவில்லை. சித்திரை வெயிலில் அது இல்லாமல் ஓட்டிவிடலாம், அடுத்த மழைக்கு முன்னால் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன், பார்க்கலாம் என்கிறார் ஓனர். பிளாஸ்டிங் அறைக்கும் கம்ப்ரஸருக்கும் நடுவே செங்கல் சுவர் பாதி எழும்பியிருக்கிறது. எக்ஸ்ரே வருடா வருடம் எடுப்பதாகப் பேச்சு, அடுத்தது வருகிற ஐப்பசியில்.